மலைப் பெயரும் அரசிதழ்ப் பெயரும்

எங்கள் மலைக்குப் பெயர் ஒன்றல்ல. மலைமேல் இருக்கும் ஜனங்களுக்கு அது சேர்வராயன் மலை. உச்சியில், குகைக்குள், காவேரியம்மனோடு இருக்கும் சாமியின் பெயர் அது. வெள்ளைக்காரன் வாயில் அது 'செவராய்ஸ்' ஆனது. சேலம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கு அது ஏற்காட்டு மலைதான். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இத்தனை பெயரை வைத்துக்கொண்டும் இந்த மலை இதுவரை எந்த அலுவலகத்திலும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ததில்லை. மனிதனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு எழுத்து மாறினாலும் நோட்டரியைத் தேடி ஓட வேண்டும்.

வயது வந்த ஒருவர் தன் பெயரைச் சட்டப்படி எப்படி மாற்றிக்கொள்வது என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். ஆசிரியராக இருந்தவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் மனு எழுதித் தரும் வேலை மட்டும் ஓய்வதில்லை. கேட்பவர்களுக்கு வழிமுறையைச் சொல்லிவிடலாம். ஆனால் அதன் பின்னால் இருக்கும் கதை நீளமானது. சேலத்துக்கும் இந்த மலைக்கும் அந்தக் கதையில் நல்ல பங்கு உண்டு.

முதலில், காகிதத்தில் இருக்கும் பெயர் நாமே வைத்துக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். நம் வயதுக்காரர்கள் பலருடைய பிறப்புப் பதிவில் பெயரே இருக்காது. 'ஆண்', 'பெண்' என்று மட்டும் இருக்கும், அப்பா பெயர் இருக்கும். மலைக் கிராமங்களில் அந்தப் பதிவுகூடப் பல வீடுகளில் கிடையாது. பெயர் முதன்முதலாகக் காகிதத்தில் ஏறியது பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில்தான். பையன் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டானா, சேர்த்துக்கொள். பிறந்த தேதி? ஜூன் மாதத்தில் ஏதோ ஒன்று. பெயர்? அப்பா சொன்னது பாதி, எழுதுகிறவர் காதில் விழுந்தது பாதி. அதுவே மாற்றுச் சான்றிதழுக்குப் போய், அங்கிருந்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குப் போய், கல்வெட்டாகிவிட்டது.

எஸ்டேட்டுகளில் அது இன்னொரு விதம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காப்பிச் செடியை இங்கே கொண்டுவந்தார் என்பது ஏற்காட்டுக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். காப்பியோடு வந்தது செக்ரோல். இரண்டு முருகன் இருந்தால் ஒருவன் பெரிய முருகன், மற்றவன் சின்ன முருகன் என்று கணக்குப்பிள்ளை எழுதுவார். கூலி கொடுக்க அது போதும். ஆனால் அந்த 'சின்ன' அப்படியே ரேஷன் அட்டைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் போய், அறுபது வயதுக் கிழவரும் சின்ன முருகனாகவே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பெண்கள் நிலைமை இதைவிட மோசம். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நம் அம்மாக்கள். கேட்டால், முருகனென்றால் மயிலைக் காட்டுவார்கள், சுப்பிரமணி என்றால் 'பழனியில இருக்கிறவர் பேரு' என்பார்கள். வட இந்தியாவில் பல பெண்கள் தங்கள் பெயரையே அந்நியரிடம் சொல்ல மாட்டார்கள். 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய அம்மா' என்று மட்டும் சொன்ன பெண்கள் ஏராளம். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெயரைச் சொல்லாததால் ஓட்டுப் போனது. பெயர் என்பது வெறும் கூப்பிடுகிற சத்தம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

குப்பன், குப்பாயி, பிச்சை, மண்ணாங்கட்டி போன்ற பெயர்களையும் சொல்ல வேண்டும். முன்னே பிறந்த குழந்தைகள் தக்கவில்லை என்றால், அடுத்து பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுத்து, எமன் கண்ணில் மதிப்பில்லாததாக இருக்கட்டும் என்று வைத்த பெயர்கள். அந்தத் தாயின் பயத்தை நினைத்தால் அதைவிடப் பாசமான பெயர் கிடையாது. ஆனால் வகுப்பில் வருகைப் பதிவு படிக்கும்போது நாற்பது பிள்ளைகள் சிரிப்பார்களே, அவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்ற பெயர்களில் அந்தப் பாசமும் கிடையாது. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்ற வேண்டுதலை ஒரு பெண் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும். இவர்கள் பதினெட்டு வயதில் பெயரை மாற்ற வந்தால் 'அப்பா அம்மா வச்ச பேரை மாத்தலாமா?' என்று உபதேசம் செய்வது எனக்குப் பிடிக்காது.

தமிழ்நாட்டில் பெயர் மாற்றத்தை ஒரு கௌரவமான காரியமாக்கியவர்கள் இரண்டு வகை. ஒரு வகை தமிழறிஞர்கள். சூரியநாராயண சாஸ்திரி தன் பெயரை அப்படியே பெயர்த்துப் பரிதிமாற் கலைஞர் ஆனார். சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். சுவாமி வேதாசலம் 1916-ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபோது மறைமலை அடிகள் ஆனார். வேதம் மறை, அசலம் மலை. இவர்கள் யாரும் அரசிதழில் விளம்பரம் கொடுத்துக்கொண்டு நிற்கவில்லை. புத்தகத்தின் அட்டையில் அச்சடித்தார்கள், ஊர் ஏற்றுக்கொண்டது, முடிந்தது.

இரண்டாவது வகை சுயமரியாதைக்காரர்கள். அவர்களுடைய கவலை பெயரின் மொழியைவிடப் பெயரின் வாலைப் பற்றியது. 'குடி அரசு' பத்திரிகையில் ஆசிரியர் பெயரோடு வந்துகொண்டிருந்த 'நாயக்கர்' 1927 டிசம்பர் கடைசியில் காணாமல் போனது. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இந்தியாவில் வேறு எங்கேயும் இப்படி ஒரு மாகாணமே வாலை வெட்டிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. டில்லியில் வேலை பார்க்கப் போன நம் பிள்ளைகளிடம் 'உன் சர்நேம் என்ன?' என்று கேட்டு, பதில் இல்லாமல் அவர்கள் விழிப்பதற்குக் காரணம் இந்த மாநாடுதான்.

சேலத்தின் முறை 1944 ஆகஸ்ட் 27-ல் வந்தது. நீதிக்கட்சியின் மாநாடு இங்கே கூடி, அந்தக் கட்சியே தன் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றிக்கொண்டது. அதே மாநாட்டில், சர், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று சர்க்கார் கொடுத்த பட்டங்களைக் கட்சிக்காரர்கள் விட்டுவிட வேண்டும் என்ற தீர்மானம் அண்ணாதுரை பெயரில் நிறைவேறியது. பின்னால் ஒட்டிய வாலை வெட்டச் சொன்னது செங்கல்பட்டு, முன்னால் சூட்டிய கிரீடத்தைக் கழற்றச் சொன்னது சேலம். சிலர் கழற்றினார்கள், சிலர் கட்சியைவிட்டே ஒதுங்கிக்கொண்டார்கள்.

அதே 1944-ல்தான் சேலம் நகராட்சிக் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார் தேவநேயப் பாவாணர். 1956 வரை இங்கே இருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் தேவநேசன். நேசன் நேயன் ஆனது அவரே செய்துகொண்ட திருத்தம். சேலத்தில் அவரிடம் படித்தவர்களில் ஒருவர் சமுத்திரம் என்ற ஊரில் பிறந்த இராசமாணிக்கம், பிற்காலத்துப் பெருஞ்சித்திரனார். இந்தக் காற்று அன்றைக்குத் தமிழ்நாடு முழுவதும் வீசியது. தட்சிணாமூர்த்தி கருணாநிதி ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். நம்மில் பலர் பிள்ளைகளுக்கு இளங்கோ, கயல்விழி, செந்தாமரை என்று பெயர் வைத்தது அந்தக் காலத்தில் பிறந்த பழக்கம்தான்.

மேடையில் இருந்தவர்களுக்குப் பெயர் மாற்ற மேடையே போதும். ஒரு குமாஸ்தாவுக்கும் வாத்தியாருக்கும் அது போதாது. பணிப் பதிவேட்டில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர் என்றால் சம்பளம் வாங்க முடியாது. அவர்கள் போய் நின்ற இடம் அரசிதழ்.

சென்னை மாகாணத்தின் அரசிதழ் 1832-ல் 'ஃபோர்ட் செயிண்ட் ஜார்ஜ் கெஜட்' என்ற பெயரில் தொடங்கியது. விருதுநகர் சங்கரலிங்கனார் 1956-ல் மாநிலத்தின் பெயரை மாற்றச் சொல்லி இரண்டரை மாதம் உண்ணாவிரதம் இருந்து அக்டோபர் 13-ல் உயிர்விட்டார். 1967 ஜூலையில் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14, பொங்கல் அன்று, மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. கெஜட்டின் பெயரும் தமிழ்நாடு அரசிதழ் ஆயிற்று. ஊருக்கெல்லாம் பெயர் மாற்றிக் கொடுக்கிற அரசிதழே தன் பெயரை மாற்றிக்கொண்டதுதான். ஒரு மாநிலம் பெயர் மாற்ற ஒரு மனிதர் சாக வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்புகளுக்கென்று தனிப்பகுதி உண்டு. வாராவாரம் வரும். ஒவ்வொரு அறிவிப்பும் நாலைந்து வரி. பழைய பெயர், அப்பா பெயர் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, இதுமுதல் இன்ன பெயரால் அழைக்கப்படுவேன் என்ற உறுதி. நான் நூலகத்தில் இவற்றைக் கதைப் புத்தகம்போலப் படித்ததுண்டு. காரணம் எதுவும் போட்டிருக்காது. ஆனால் ஊகிக்கலாம். ஒரு கூடுதல் 'ஏ' எழுத்து வந்தால் எண் கணிதம் (முதலமைச்சரே 2001-ல் தன் ஆங்கிலப் பெயரில் ஒரு 'ஏ' சேர்த்துக்கொண்டார்). பெயர் முழுக்க மாறி மதமும் மாறியிருந்தால் கல்யாணமோ மனமாற்றமோ. மண்ணாங்கட்டி ஒருநாள் மணிவண்ணன் ஆகியிருந்தால், அந்த வகுப்பறைச் சிரிப்பு கடைசியில் அடங்கியது என்று அர்த்தம்.

அந்தப் பகுதியின் தலைப்பிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கும். இந்த விளம்பரங்களுக்கு அரசு சட்டப்படி எந்தப் பொறுப்பும் ஏற்காது, விளைவுகளும் தவறான தகவல்களும் அறிவிப்பவரின் சொந்தப் பொறுப்பு என்பது அதன் சாரம். பலர் இதைப் படிப்பதே இல்லை. அரசு உங்களுக்குப் பெயர் கொடுப்பதில்லை. நீங்கள் உங்களுக்குக் கொடுத்துக்கொண்ட பெயரை ஊரறிய அச்சடித்துத் தருகிறது, அவ்வளவுதான்.

இது ஆங்கிலேயரிடமிருந்து வந்த வழி. மோசடி நோக்கம் இல்லாதவரை ஒரு மனிதன் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுடைய பழைய பொதுச் சட்டம். சாட்சிக்கு 'டீட் போல்' என்ற ஒற்றைப் பத்திரம். இருவர் செய்யும் ஒப்பந்தப் பத்திரத்தை அக்காலத்தில் பல் பல்லாக வெட்டி ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டுமே செய்யும் பத்திரத்துக்கு அது தேவையில்லை, ஓரத்தை நேராக வெட்டிவிட்டால் போதும். 'போல்' என்றால் அந்த நேர்வெட்டு. நம் நாட்டிலும் வயது வந்தவர்களின் பெயர் மாற்றத்துக்கென்று பொதுவான தனிச்சட்டம் இல்லை. திருநர்களுக்கு மட்டும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி எழுதப்பட்டிருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தரும் சான்றை வைத்துப் பிறப்புச் சான்றிலும் மற்ற ஆவணங்களிலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு பிரமாணப் பத்திரமும் அரசிதழும்தான்.

2021 ஜூன் 3-ல் உச்ச நீதிமன்றம் ஜிக்யா யாதவ் என்ற மாணவியின் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. பெயர் என்பது ஒருவருடைய அடையாளம், அது அரசியல் சாசனம் தந்த கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும், எனவே சி.பி.எஸ்.இ. வாரியம் சான்றிதழில் பெயரை மாற்றவே மாட்டேன் என்று கதவடைக்க முடியாது என்றார்கள். ஆனால் அதே தீர்ப்பு, புதிய சான்றிதழில் பழைய பெயரையும் குறித்து வைக்கலாம் என்றும் சொன்னது. பழைய பெயர் பெரும்பாலும் போய்விடுவதில்லை, புதியதின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிவம் எழுதுபொருள் அச்சுத்துறையில் கிடைக்கும். 'ஏ', 'பி' பிரிவு அலுவலரிடமோ நோட்டரியிடமோ கையெழுத்து வாங்க வேண்டும். பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று நகல், போட்டோ. நான் கடைசியாகப் படிவம் பார்த்தபோது பொதுக் கட்டணம் 350 ரூபாய், அரசிதழுக்கும் தபாலுக்கும் 65. தமிழில் பெயர் மாற்றம் என்றால் 350-க்குப் பதில் 50 ரூபாய்தான். பாவாணருக்கு இது தெரிந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கட்டணம் மாறியிருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். அறுபது தாண்டியவர்கள் உயிரோடு இருப்பதாக மருத்துவரிடம் சான்று வாங்கி வைக்க வேண்டும். பென்ஷன்காரர்களுக்கு அது பழகியதுதானே!

இவ்வளவு சுலபம் என்றால் ஏன் என்னிடம் இத்தனை பேர் வருகிறார்கள்? மலைமேல் பெயர் ஒன்றோடு நிற்பதில்லை என்பதால்தான்.

சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் கிளம்பி வந்ததாகவும், பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சை மலைக்கும், சின்னண்ணன் கொல்லி மலைக்கும் போனதாகவும் அவர்களிடையே ஒரு கதை உண்டு. அந்த மூவருடைய பெயரும் பெயரா, உறவுமுறையா? மலையில் அதற்கு வித்தியாசம் கிடையாது. இன்றைக்கும் ஊருக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு, மாமன் மச்சான் அண்ணன்தான்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மலையாளிகள் மூன்றரை லட்சத்துக்கு மேல். மாநிலத்தின் பழங்குடிகளில் பெரிய கூட்டம். ஆனால் பட்டியலில் அந்தப் பெயர் தனியாக இல்லை, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று மாவட்டப் பெயர்களும் இருக்கின்றன. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் இருக்கும் மலையாளிகள் அந்தப் பட்டியலில் வரவில்லை. அக்காள் வீட்டில் சான்றிதழ் உண்டு, தங்கை வீட்டில் இல்லை. பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த சிக்கல், மலையாளிகள் பெயருக்குப் பின்னால் கவுண்டன் என்று போடுவது தலைமுறைப் பழக்கம். பழைய பட்டாக்களில் அப்படித்தான் இருக்கும். கவுண்டர் என்று மரியாதையோடுகூட எழுத மாட்டார்கள், கவுண்டன்தான். கீழே கொங்கு நாட்டில் கவுண்டர் என்றால் வேறு சமூகம், பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். 'தாத்தா பட்டாவில் கவுண்டன் என்று இருக்கிறதே, நீ எப்படி எஸ்.டி.?' என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? செங்கல்பட்டுத் தீர்மானத்தை நான் மனதார ஆதரிப்பவன். ஆனால் வாலை வெட்டுவது சமவெளியில் இருப்பவனுக்கு மரியாதை. இங்கே வால் இருந்தாலும் கேள்வி, திடீரென்று வெட்டினாலும் கேள்வி. பேரன் பெயரில் இல்லாத வால் தாத்தா பட்டாவில் இருந்தால் இருவரும் ஒரே குடும்பமா என்று விசாரணை.

1989 நவம்பர் வரை பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் கொடுத்தார். அதன் பிறகு கோட்டாட்சியர். போலிச் சான்றிதழ்கள் பெருகியதால் வந்த கட்டுப்பாடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போலிக்காரனிடம் எல்லாக் காகிதமும் ஒரே பெயரில் பளிச்சென்று இருக்கும். உண்மையான மலைக்காரனிடம்தான் நாலு காகிதத்தில் நாலு பெயர் இருக்கும்.

என்னிடம் படித்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். வீட்டில் அவருக்குத் தாத்தா பெயர். பள்ளியில் சேர்த்த ஆசிரியர் (அது நான் வருவதற்கு முன்பு) அந்தப் பெயர் நாகரிகமாக இல்லை என்று ஒரு சினிமா நடிகரின் பெயரை எழுதிவிட்டார். பத்தாவது வரை அந்தப் பெயர்தான். பிறகு காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியுமாக ஊரிலேயே இருந்துவிட்டார். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாம் வீட்டுப் பெயரில். மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் சேர வேண்டும். அவளுடைய மாற்றுச் சான்றிதழில் அப்பா பெயர் நடிகர் பெயர். அப்பாவின் அட்டைகளில் தாத்தா பெயர். பட்டாவில் தாத்தாவின் அப்பா, கவுண்டன் வாலோடு.

"சார், பேசாம வீட்டுப் பேரையே கெஜட்டில போட்டுடறேன். எல்லாம் ஒண்ணாயிடும்" என்றார்.

"போடுப்பா. ஆனா பாப்பாவோட இனிஷியல் என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றேன்.

அவர் யோசிக்கவில்லை. யாரும் யோசிப்பதில்லை. நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் முதலெழுத்துதான் பிள்ளைக்குத் தலையெழுத்து. அப்பா பெயரை மாற்றினால் பிள்ளையின் இனிஷியல் அநாதையாகிவிடும். கல்யாணமான பெண் இனிஷியல் மாற்றிக்கொள்ளும்போதும் இதே கதைதான். கட்டாயம் மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, இருந்தாலும் மாற்றுகிறார்கள். முப்பது வருஷம் கழித்து, கணவர் போன பிறகு, குடும்ப ஓய்வூதியத்துக்குப் போய் நிற்கும்போது பணிப் பதிவேட்டில் இருக்கும் பெயரும் வங்கிப் புத்தகத்தில் இருக்கும் பெயரும் பொருந்தாது. கண்ணீரோடு அதற்கும் ஒரு பிரமாணப் பத்திரம்.

அவர் அரசிதழில் போட்டே விட்டார். புதுப்பெயராக வீட்டுப் பெயர், பழைய பெயராக நடிகர் பெயர். அதை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, 'இப்போது உங்கள் பெயரும் உங்கள் மகளின் சான்றிதழில் இருக்கும் அப்பா பெயரும் வேறு வேறு' என்றார்கள். காகிதத்தைப் புரட்டிப் பார்க்காமல் சொன்ன பதில் அது. அறிவிப்பில் இரண்டு பெயரும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. எனக்குத் தெரிந்து அரசிதழின் முழுப் பலனும் அந்த ஒரே வாக்கியம்தான். அது பழைய ஆளை அழிப்பதில்லை, பழைய ஆளும் புதிய ஆளும் ஒருவரே என்று கட்டிப்போடுகிறது.

பட்டாவில் இருக்கும் பெரியவர் பெயருக்கு அந்த வழியும் இல்லை. அரசிதழில் உயிரோடு இருப்பவர்தான் தன் பெயரை மாற்ற முடியும். செத்துப்போன தாத்தா கையெழுத்துப் போட வர மாட்டார். அதற்கு வாரிசுகளின் பிரமாணப் பத்திரம், கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, ஊர்ப் பெரியவர்கள் சாட்சி. எண்பது வயதுப் பாட்டி ஒருத்தி வந்து, "அவனுக்குச் சின்ன வயசுல அந்தப் பேருதாஞ் சாமி" என்று சொன்னது பெரிய உதவியாக இருந்தது. கடைசியில் காப்பாற்றியது பள்ளிக்கூடத்துப் பழைய சேர்க்கைப் பதிவேடு. அந்த ஆசிரியர் பெயரைத்தான் மாற்றினாரே தவிர, சமூகம் என்ற கட்டத்தில் 'மலையாளி' என்று நேர்மையாக எழுதி, தகப்பனார் பெயரைச் சரியாகப் போட்டிருந்தார். சான்றிதழ் வந்தது. ஆனால் அந்த வருஷக் கலந்தாய்வு முடிந்துவிட்டிருந்தது. அந்தப் பெண் ஒரு வருஷம் தோட்டத்தில் காப்பி பறித்துவிட்டு, அடுத்த வருஷம் சேர்ந்தாள். இப்போது நர்ஸாக இருக்கிறாள். தன் பெயருக்கு முன்னால் இன்னும் நடிகரின் இனிஷியலைத்தான் போடுகிறாள். மாற்றலாமே என்று யாரோ கேட்டதற்கு, "வேணாம் சார், இதுக்குப் பட்டதே போதும்" என்றாளாம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரை நிரப்பிவிட்டால், அமெரிக்காவில் உங்கள் மகனை எல்லோரும் உங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மருமகளையும் பேத்தியையும்கூட. நம் பெயர் கடல் கடந்து போகிறதே என்று சந்தோஷப்படலாம். அது பிடிக்காமல் அவர்கள் மாற்ற நினைத்தால், தூதரகத்தில் ஒரு வரிசை, அங்குள்ள நீதிமன்றத்தில் ஒரு வரிசை என்று இரண்டு இடத்தில் நிற்க வேண்டிவரும்.

மலையிலிருந்து பெயர் மாற்றப் போகிறவர்களுக்கு நான் சொல்லித் தருவது இதுதான். மாற்றுவதற்கு முன் வீட்டிலுள்ள எல்லாக் காகிதத்தையும் ஒரு பாயில் பரப்பி, எதில் என்ன பெயர் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளைகளின் சான்றிதழ்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமூகச் சான்றிதழ் வாங்க வேண்டிய பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் அதை வாங்கிவிடுங்கள், பெயர் கொஞ்சம் காத்திருக்கட்டும். பழைய பெயரில் உள்ள எந்தக் காகிதத்தையும் எரிக்க வேண்டாம், ஆற்றில் விட வேண்டாம். அரசிதழ் கைக்கு வந்ததும் அதன் எண்ணையும் தேதியையும் அறிவிப்பு எண்ணையும் டைரியில் குறித்து வைத்துவிட்டு, சான்றொப்பத்தோடு பத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலை மட்டும் லேமினேஷன் செய்துவிடாதீர்கள். அதன்மேல் முத்திரை வைக்க இடம் கேட்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன.